கள்ளக்குறிச்சியைத் தாண்டி

கல்யாணமான பிறகு நானும் என் மனைவியும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். காற்று வராத வீடு. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். ஆனாலும் பல வருஷம் அதை விடவில்லை. வாசலிலிருந்து பஸ்ஸுக்கு நான்கு நிமிஷ நடை, அவ்வளவுதான் காரணம். வேறு தெருவில் நல்ல வீடு கிடைத்தபோது அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது, எட்டு நிமிஷத் தூக்கம் போய்விடும் என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் கல்வராயன் மலையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். காலை ஐந்து நாற்பதுக்கு மலை பஸ். கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலையேறி, வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். எனக்கு உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. சரக்கு ஏற்றுவதையும் இறக்குவதையும் கூடவே நின்று பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். ஏழு மணிக்கு எனக்கு பஸ். அவள் கிளம்பும்போது நான் பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்துவிடுவேன். இரவு ஏழரை எட்டு மணிக்கு இருவரும் வீட்டில் இருப்போம். ஒன்பதரைக்குப் படுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம் என்று சொன்னால் அது மிகையில்லை.

மலையிலேயே தங்கிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். வேலை கிடைத்த முதல் வருஷம் அவள் அப்படித்தான் தங்கினாள். பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை. சனிக்கிழமை வருவாள், திங்கட்கிழமை விடியலில் போவாள். மழைக்காலத்தில் மூன்று வாரம் வரமுடியவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை பெட்டியோடு இறங்கினாள். தினமும் போய்வருகிறேன், உடம்பு போனாலும் பரவாயில்லை என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அப்படித்தான் நாங்கள் பஸ்ஸில் தூங்கக் கற்றுக்கொண்டோம். எனக்கு மாலை ஆறே கால் பஸ். சேலம் போகிற வண்டி. உட்கார்ந்து டிக்கெட் வாங்கின கையோடு தூங்கிவிடுவேன். தியாகதுருகம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த வண்டியின் கண்டக்டர் என்னை நன்றாகத் தெரிந்தவர். கள்ளக்குறிச்சி ஊருக்குள் நுழையும்போது வந்து தோளில் தட்டுவார். "சார், வூடு வந்திடுச்சி" என்பார். எத்தனையோ வருஷம் அந்தத் தட்டலை நம்பி நான் கண்ணை மூடினேன்.

ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஏழாவது வருஷம் ஐப்பசியில் அவள் உண்டானாள். பார்த்த டாக்டரம்மா, மலைப் பாதையில் தினமும் போய்வருவது நல்லதில்லை என்றார். நாங்கள் மாறுதலுக்கு மனுப் போட்டோம். ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு இருவரும் விழுப்புரத்தில் கல்வி ஆபீஸுக்கே போய் நேரில் கேட்டோம். மனுவை வாங்கிக்கொண்டவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வருஷ நடுவில் யாரையும் மாற்ற முடியாது, மே மாதம் கட்டாயம் பார்க்கலாம் என்றார். திரும்பி வரும்போது அவள் சம்பளமில்லாமல் லீவு போட்டுவிடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். பிரசவத்துக்குக் கிடைக்கிற லீவைக் குழந்தை பிறந்த பிறகு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், அதுவரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று சொன்னது நான்தான். அவள் சரி என்றாள். இதை இங்கே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு நடந்ததைச் சொல்லும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட எனக்கு ஆசையாக இருக்கும்.

அந்த மாதங்கள் சந்தோஷமானவை. மலை பஸ்ஸில் அவளுக்கு முன்பக்கம் ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அதைச் செய்தது மலைக்காரப் பெண் ஒருத்தி. என் மனைவியைவிட நாலைந்து வயது பெரியவள். அவள் பிள்ளைகள் இரண்டும் என் மனைவியிடம்தான் படித்தன. நெல்லிக்காய், நார்த்தங்காய், தேன் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்கால பஸ்ஸில் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வருவாள். அங்கே தங்கைக்காரி வீட்டில் தங்கி, காலையில் விற்றுவிட்டு மலைக்குத் திரும்புவாள். என் மனைவி யாரிடமும் சொல்வதற்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிட்டாளாம். டீச்சர் நடக்கிற நடையே மாறிவிட்டது என்றாளாம். ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் என் மனைவி சொல்வாள். அந்தப் பெண் கொடுத்த நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே சொல்வாள்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. ஆபீஸில் அன்று இரண்டு லாரி சேர்ந்து வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர் வரவில்லை. மதியம் சாப்பிட்டேனா என்பதுகூட ஞாபகமில்லை. ஆறே காலுக்கு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் புது ஆள். நம்ம ஆள் லீவு என்று டிரைவர் சொன்னார். நான் டிக்கெட் வாங்கிப் பையில் வைத்தேன். புது ஆளிடம் எழுப்பிவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. அவர் பின்பக்கம் போயிருந்தார். திரும்பி வரட்டும் என்று ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தேன்.

விழித்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. வெளியே பார்த்தேன், சின்னசேலம். மணி எட்டு. கள்ளக்குறிச்சியில் நாலு தடவை கத்தினேன் சார் என்று கண்டக்டர் வருத்தத்தோடுதான் சொன்னார். நான் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டு, கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். திரும்புகிற பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா நான் வருவதற்காகவே படியில் உட்கார்ந்திருந்தார். டீச்சரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பஸ்ஸோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம், உன்னைத் தேடி இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது என்றார்.

அந்த மலை பஸ்ஸில் நடந்ததை நான் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மலை இறங்கி முடிக்கிற கடைசி வளைவுகளில் அவளுக்கு வலி வந்திருக்கிறது. ரத்தம் போயிருக்கிறது. அந்த மலைக்காரப் பெண் அன்றைக்கும் வண்டியில் இருந்தாள். அவள்தான் என் மனைவியைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, டிரைவரைப் பார்த்து எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னாள். கச்சிராயபாளையத்தில் இறங்க வேண்டியவர்கள் இருபது பேராவது இருந்திருப்பார்கள். அவளும் அங்கேதான் இறங்க வேண்டியவள். ஒருவரும் இறங்கவில்லை. பெண்கள் எழுந்து நின்று சேலைத் தலைப்பைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். பஸ் நேராக கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஸ்டாண்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

நான் ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் மனைவியின் கைப்பையும் டிபன் பாக்ஸும் இருந்தன. அந்தப் பையைப் பார்த்துத்தான் நின்றேன். அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர் வூட்டுக்காரருங்களா?"

நான் தலையாட்டினேன்.

"டீச்சரு நல்லாக்கீது. தூங்க ஊசி போட்டுக்கிறாங்க." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "புள்ள தங்கலைங்க. ஆம்பளப் புள்ள."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் கடைசிவரைக்கும் உங்களையே கேட்டுக்கொண்டிருந்தது, ஏழே முக்காலுக்கு வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தது என்றாள். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது தான் அக்கா என்று சொல்லிக் கைநாட்டு வைத்ததையும் சொன்னாள். தப்பாக நினைக்காதீர்கள், வேறு யாரும் இல்லை என்றாள்.

ஏன் இவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். தியாகதுருகத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ரிப்பேர் ஆகி நின்றுவிட்டது என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. மறுநாள் கண் விழித்த என் மனைவியிடமும் அதையே சொன்னேன்.

என் மனைவி கண் விழிப்பதற்கு முன், விடியற்காலையிலேயே நான் குழந்தையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு புது வேட்டித் துண்டில் சுற்றியிருந்தது. இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய அளவுகூட இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் திருக்கோவிலூர்ப் பக்கம், அவர்களுக்குத் தகவலே போகவில்லை. மலைக்காரப் பெண் நானும் வருகிறேன் என்று பின்னால் நடந்தாள். பெண்கள் வருவதில்லையே என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. தனியாக நடக்க எனக்கு பயமாக இருந்தது. கோமுகி ஆற்றில் தண்ணீர் இல்லை. சுடுகாட்டுக்காரர் மண்வெட்டி கொடுத்து, கரையில் ஓர் இடத்தைக் காட்டினார். நான் வெட்டினேன். எனக்கு மூச்சு வாங்கியபோது அவள் மண்வெட்டியை வாங்கி மீதியை வெட்டினாள். என்னைவிட நன்றாக வெட்டினாள்.

பிறகு அவளை டீக்கடைக்கு அழைத்துப்போனேன். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அவள் டீயை மட்டும் குடித்துவிட்டு, பன்னைத் தன் பிள்ளைகளுக்காக முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னும் நான்கு வாங்கிக் கொடுத்தேன். அவள் கொண்டுவந்த கூடை பஸ்ஸிலேயே போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் மலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் என் மனைவி வீட்டில் இருந்தாள். எனக்கு லீவு இல்லை. திருக்கோவிலூரிலிருந்து அவளுடைய அம்மா வந்து கூட இருந்தார். பங்குனி கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஐந்து நாற்பதுக்கு அவள் மறுபடியும் கிளம்பினாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். மே மாதம் மாறுதல் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை.

எங்களுக்குள் பேச்சு குறைந்தது. சண்டையெல்லாம் இல்லை. சாப்பாடு இருக்கிறது, தண்ணீர் வந்தது, கேஸ் தீரப்போகிறது, இவ்வளவுதான். முன்பெல்லாம் பஸ்ஸில் நடந்ததை எல்லாம் சொல்வாள். அது நின்றுபோனது. அவள் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்காததும் பயமாக இருந்தது.

நான் ஒரு காரியம் செய்தேன். பஸ்ஸில் உட்காருவதை விட்டுவிட்டேன். ஆறே கால் வண்டியில் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வரை நின்றுகொண்டே வருவேன். பழைய கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார். முதலில் சில நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். மூலம் கீலம் இருக்கிறதா என்றுகூட ஒருநாள் காதோடு கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அவரும் விட்டுவிட்டார். நின்றுகொண்டே தூங்கி இரண்டு தடவை முன்னால் நின்றவர்மேல் விழுந்திருக்கிறேன். பகல் முழுக்க லாரிக்குப் பக்கத்தில் நிற்பது, சாயங்காலம் பஸ்ஸில் நிற்பது என்று ஆனதில் ஆடி மாதத்துக்குள் கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் காலைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"கால் இன்னா இப்டி வீங்கியிருக்குது?"

ஆபீஸில் நிற்கிற வேலை என்றேன். ஆறேழு வருஷமாக அதே வேலைதானே என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதைச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அன்றைக்கு பஸ் ரிப்பேர் ஆகவில்லை, நான் தூங்கிவிட்டேன், சின்னசேலம் வரைக்கும் போய்விட்டேன், நீ என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கீரையை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"தெரியும்ங்க. அடுத்த வாரமே தெரியும். அந்தச் சட்டைய துவைக்கச்சொல்ல பாக்கெட்ல டிக்கெட் இருந்துச்சி. சின்னசேலத்துலருந்து கள்ளக்குறிச்சிக்கி."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நான் என்னுத சொல்லணுமே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டே, கீரையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கி மத்தியானத்துலருந்தே இடுப்பு வலிச்சிக்கினு இருந்துச்சி. தெனம் வலிக்கிறதுதானேன்னு வுட்டுட்டேன். பஸ்ல ஏறினதும் தூங்கிட்டேன். அந்தக்கா தட்டி எழுப்பச்சொல்லதான் முழிச்சேன். பொடவயெல்லாம் நனைஞ்சி இருந்துச்சி. எத்தினி நேரமா நனைஞ்சிக்கினு இருந்துச்சோ, எனக்குத் தெரியாதுங்க. மலை மேலயே நர்சம்மா வூடு இருக்குது. வழியிலதான். அதத் தாண்டி வந்துட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். ஐந்தாறு மாதமாக ஒரே வீட்டில், ஒரே பாயில், இருவரும் அவரவர் தூக்கத்தை ஒளித்துவைத்துக்கொண்டு படுத்திருந்தோம். டாக்டரம்மாவிடம் பிறகு ஒருமுறை கேட்டபோது, முன்னாலேயே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சொல்ல முடியாது, வீட்டிலேயே படுத்திருந்தவர்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறது என்றார். அதை நம்புகிற நாளும் உண்டு, நம்பாத நாளும் உண்டு.

அன்று ராத்திரி அவள் வெந்நீரில் உப்புப் போட்டு என் காலை வைக்கச் சொன்னாள். படுத்த பிறகு இருட்டில் சொன்னாள்.

"நாளைக்கு உக்காந்துக்கினு வாங்க."

மறுநாள் உட்கார்ந்து வந்தேன். தூக்கம் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது. கண்டக்டர் தோளில் தட்டினார்.

மாறுதல் அதற்கடுத்த மே மாதம்தான் கிடைத்தது. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. கடைசி நாள் மலையிலிருந்து இறங்கியபோது அந்த மலைக்காரப் பெண் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தாளாம். என் மனைவி தன் காதில் போட்டிருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அவள் வாங்கவில்லை. என் பெண்ணைப் பெரிய படிப்புப் படிக்கவைக்க வழி சொல்லு டீச்சரு, அது போதும் என்றாளாம். வழி சொன்னோம். விடுதியில் சேர்க்க மனு எழுதிக் கொடுத்தது நான். அவளுடைய மகள் பத்தாவது வரைக்கும் படித்தாள் என்பது தெரியும். அதற்குப் பிறகு தெரியாது.

புதுப் பள்ளியால் எங்களுக்கு வந்த பெரிய மாற்றம், காலையில் ஒரே பஸ். நான் ஏழு மணி வண்டியை விட்டு ஏழரைக்கு மாறிக்கொண்டேன். முதலாளியிடம் கெஞ்சி அந்த அரை மணியை வாங்கினேன். தியாகதுருகம் வரைக்கும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். அரை மணி நேரமும் இருக்காது. ஆரம்பத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனோம். பிறகு அவள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். முன்னால் போகிற கரும்பு வண்டி, கத்திரிக்காய் விலை, தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடி. நான் கேட்டுக்கொண்டு வருவேன்.

எங்களுக்கு அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. இரண்டு தடவை நாள் தள்ளிப்போய் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டு தடவையும் அது நம்பிக்கையாகவே போய்விட்டது. அந்தச் சில வாரங்களில் அவள் பஸ்ஸில் ஏறும்போது படியில் ஒரு கையை வைத்து நிதானமாக ஏறுவாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும், அவளாகச் சொல்ல மாட்டாள்.

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்று. பஸ்ஸில் நல்ல கூட்டம். புதுச் சட்டை போட்ட பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு ஏறினார்கள். எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டு அழுதான். என் மனைவி அவனைத் தூக்கித் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவள் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விளையாடினான்.

தியாகதுருகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவனுடைய தலையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"நம்முதும் இருந்திருந்தா இந்த வருசம் ஒண்ணாவது சேத்திருக்கணும்."

குழந்தையைப் பற்றி அவளாக வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கணக்குத் தெரியும். நானும் அதைத்தான் அன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றேன். யார் கிளாஸ்ல சேத்திருப்ப என்று கேட்டேன்.

"என் கிளாஸ்லதான்" என்றாள் உடனே. "வேற யாருகிட்டயும் வுட மாட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்புமாதிரி ஒன்று இருந்தது. பஸ் நின்றது. பையனை அவன் அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாவும் அங்கேதான் இறங்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் என்று என் மனைவி கேட்பதும், அந்த அம்மா ஏதோ சொல்வதும், மூவரும் சேர்ந்து படியிறங்குவதும் தெரிந்தது. சாலையைத் தாண்டும்போது அந்தப் பையனின் ஒரு கை அவன் அம்மாவிடமும் இன்னொரு கை என் மனைவியிடமும் இருந்தது. பஸ் புறப்பட்டது. உளுந்தூர்பேட்டைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.